வடை சிறுத்தபோது மட்டும் பேசினோம்

சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ முதன்முதலில் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். 2021 ஆகஸ்ட் 5, சாமனப்பள்ளி கிராமம். முதலமைச்சரே வந்து தொடங்கிவைத்தார். 2024இல் அந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தபோது ஓசூரை அடுத்த நம் பாகலூர் டீக்கடைகளில் நாமும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம், நம்ம மாவட்டத்தில் தொடங்கினதாச்சே என்று. வீடுவீடாக மாத்திரை கொண்டுபோக வேண்டிய நிலைமைக்கு ஊர் எப்படி வந்து சேர்ந்தது என்று அந்த பெஞ்சில் ஒருவரும் கேட்கவில்லை. கையில் டீ, பக்கத்தில் தேங்காய் பன், சர்க்கரை தூக்கலாக.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் 20 வயது தாண்டியவர்களில் 14.4 சதவீதம். அதாவது ஏழு பேரில் ஒருவர். நாடு முழுக்க இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அந்த வாசற்படியில் நிற்கிறார்கள். ஷிப்ட் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து சீட் சீட்டாக எண்ணிப் பார்த்தால் கணக்கு நமக்கே புரியும். ஆனால் நாம் எண்ணுவது வேறு கணக்கு. “உனக்கு எவ்ளோண்ணா?” “நூத்தி எண்பதுதான்.” “எனக்கு எரநூத்தி அம்பது, ஒண்ணும் பண்ணல பாரு.” ஏதோ கபடி ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொள்கிறோம். கண்ணும் சிறுநீரகமும் காலும் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருப்பதை ‘ஒண்ணும் பண்ணல’ என்று சொல்லும் துணிச்சல் நமக்கு உண்டு.

நம் ஊரின் வாழ்க்கை பாதி வயலிலும் பாதி கம்பெனியிலும். தாத்தா காலத்தில் ராகியும் கொள்ளும் அவரையும் விளைந்த மேட்டு நிலம். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது; 1980கள் முடிவதற்குள் லாரியும் மொபட்டும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வரிசையாக எழும்பின. ஏர் பிடித்த கை ஸ்பேனர் பிடித்தது. மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., பிள்ளைக்கு இங்கிலீஷ் மீடியம் எல்லாம் அந்த வழியாக வந்தவைதான். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வயலில் குனிந்து நிமிர்ந்த உடம்பை ஆலைக்குக் கூட்டிவந்தோம், அங்கே அதற்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவில்லை. அது நம் தவறு.

“நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை, இதைவிட என்ன எக்சர்சைஸ்?” இந்த வாக்கியத்தை ஓசூர் வட்டாரத்தில் சொல்லாத ஆம்பிளை இல்லை. இதற்கு எழுபது வருடங்களுக்கு முன்பே பதில் வந்துவிட்டது. லண்டன் டபுள் டெக்கர் பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டுப் பார்த்து 1953இல் எழுதினார். ஒரே டெப்போ, ஒரே ரூட், ஏறக்குறைய ஒரே மாதிரி குடும்பங்கள். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கிழித்த கண்டக்டர்களுக்குக் குறைவு. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் கவனிக்கத் தொடங்கியது அங்கிருந்துதான். பஸ்ஸுக்கும் லாரிக்கும் சேஸிஸ் போடும் ஊர்க்காரர்களாகிய நமக்கு இந்தக் கதை முதலில் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

லைனில் நிற்பவர் கண்டக்டர் இல்லை. ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் நின்று, ஒரே கையால் ஒரே போல்ட்டை முடுக்குகிறார். மூச்சு வாங்குவதில்லை, இதயம் வேகமாக அடிப்பதில்லை. முழங்காலும் இடுப்பும் தேய்கின்றன, காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது. களைப்பு வருகிறது என்பதாலேயே அது உடற்பயிற்சி ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடை. கூடவே வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 20 நிமிடம் சொச்சம். ஷிப்ட் பஸ் வருமுன் ஸ்டாப்பில் நின்று நாம் ரீல்ஸ் பார்க்கும் நேரம்.

வெயில் என்று சொல்லவும் நமக்கு வாய் இல்லை. வேலூர்க்காரர் சொல்லலாம், திருச்சிக்காரர் சொல்லலாம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். வெள்ளைக்காரன் இந்தப் பக்கத்தைக் குட்டி இங்கிலாந்து என்றான். மே மாதத்திலும் காலை ஆறு மணிக்குக் காற்று சில்லென்று இருக்கும். அந்தக் காற்றைக் கிரீன்ஹவுஸ் ரோஜாவுக்குப் பயன்படுத்தத் தெரிந்த நாம், நம் நுரையீரலுக்குப் பயன்படுத்தவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கேதான் நம் குற்றப்பட்டியல் நீளம்.

கம்பெனி கேண்டீனை எடுத்துக்கொள்வோம். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் ஒரே தட்டுதான். சோறு வேண்டிய மட்டும். பொரியல் ஒரு கரண்டி. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். அப்பளம் உண்டு, ஊறுகாய் உண்டு. சாயங்கால டீயோடு வடையோ போண்டாவோ. நைட் ஷிப்டில் இரண்டு மணிக்கு இன்னொரு டீ, பிஸ்கட். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்குக் கீரை காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்கிறது. தட்டில் பாதி அதுவாகவே இருக்க வேண்டும் என்கிறது. நம் கரண்டிப் பொரியல் ஐம்பது அறுபது கிராம் தேறினால் அதிகம். மீதி இடத்தைச் சோறு அடைத்துக்கொள்கிறது.

இதற்கு நிர்வாகத்தைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். திட்ட வேண்டிய இடமும் இருக்கிறது. ஆனால் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 46ஆவது பிரிவில் என்ன சொன்னது? 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் வைக்கச் செய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. அதோடு, கேண்டீனை நடத்தும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்பதற்கும் விதி செய்யச் சொன்னது. அந்தக் குழுவில் நம் ஆட்கள் உட்கார்ந்தார்கள். நாம் அனுப்பிய ஆட்கள். என்ன கேட்கச் சொல்லி அனுப்பினோம்? வடை சின்னதாகிவிட்டது என்று கேட்கச் சொன்னோம். டீ தண்ணியாக இருக்கிறது என்று கேட்கச் சொன்னோம். புதன்கிழமை சிக்கனில் எலும்புதான் இருக்கிறது, பண்டிகைக்கு ஸ்வீட் நெய்யில் இல்லை என்று கேட்கச் சொன்னோம். நியாயமான புகார்கள்தான், மறுக்கவில்லை. பொரியல் இரண்டு கரண்டி வை, வாரத்தில் இரண்டு நாள் களி போடு, வடைக்குப் பதில் சுண்டல் கொடு, எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதே, குழம்பில் உப்பைக் குறை என்று எந்த மீட்டிங்கிலும் பேசவில்லை. ஒருவேளை யாராவது பேசியிருந்தால், ‘ஆஸ்பத்திரி சாப்பாடு போடச் சொல்றான் பாரு’ என்று அவரை அடுத்த முறை குழுவிலிருந்தே எடுத்திருப்போம். நம்மை நமக்குத் தெரியும்.

உப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் மட்டம், போதும் என்கிறார்கள். ஊறுகாய், அப்பளம், மிக்சர், பேக்கரி பப்ஸ் என்று போனால் அந்த ஸ்பூன் மதியத்துக்குள்ளேயே நிரம்பிவிடும். ரத்தக்கொதிப்பு மாத்திரையை விழுங்கிவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிற நம் பழக்கத்துக்கு எந்த மருத்துவரிடமும் மருந்து இல்லை.

களி என்றதும் நினைவு வருகிறது. தமிழ்நாட்டில் ராகி அதிகம் விளையும் மாவட்டம் நம்முடையது. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவில் நிற்கிறது. பாட்டிமார் களி கிண்டி, கீரைக் குழம்போ கொள்ளுக் கடைசலோ ஊற்றி, பனிக்காலத்தில் பிதுக்குப் பருப்புக் குழம்போடு பரிமாறினார்கள். தமிழ் பேசும் வீடு, தெலுங்கு பேசும் வீடு, கன்னடம் பேசும் வீடு மூன்றிலும் பெயர்தான் வேறு, உருண்டை ஒன்றுதான். பிறகு சம்பளம் வந்தது. சம்பளம் வந்த வீட்டில் சோறு வெந்தது. விருந்தாளி வந்தால் களிப்பானையை உள்ளே தள்ளினோம். ‘இன்னும் களியா திங்கறீங்க?’ என்று சம்பந்தி வீட்டார் கேட்டுவிடுவார்களோ என்று பயந்தோம். இன்று அதே உருண்டையைப் பெங்களூர் ஓட்டலில் ஏ.சி.யில் உட்கார்ந்து காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போட்டோ போடுகிறோம்.

2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கும் ஏற்பாடு வந்தது. ராகியில் முதலிடம் வகிக்கும் நம் மாவட்டம் அந்த முதல் பட்டியலில் இல்லை. எங்களுக்கும் கொடுங்கள் என்று ஒரு மனு, ஒரு போஸ்டர், ஒரு தர்ணா? பொங்கல் பரிசில் கரும்பு மெலிந்திருந்தால் அன்றைக்கே வீடியோ எடுத்துப் போட்ட நாம்தான் இதில் மூச்சு விடவில்லை.

ராகியைச் சாமியாக்கவும் வேண்டாம். மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி வெல்லமோ சர்க்கரையோ போட்டுக் குடித்துவிட்டு ‘நான் மில்லெட்டுக்கு மாறிட்டேன்’ என்பவர்கள் பெருகிவிட்டார்கள். அதுவும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். உருண்டை அளவாக, குழம்பில் கீரையும் பயறும் தாராளமாக இருந்ததால்தான் அந்தச் சாப்பாடு சாப்பாடாக இருந்தது. அந்தச் சாப்பாட்டுக்குப் பின்னால் இருந்த நடையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

காய்கறி விஷயத்தில் நம் கதை இன்னும் கூச்சமானது. முட்டைக்கோஸ், பீன்ஸ், குடைமிளகாய், பீட்ரூட், கொத்தமல்லி, தக்காளி எல்லாம் பாகலூரைச் சுற்றி விளைகிறது. பத்தலப்பள்ளி சந்தையிலிருந்து சென்னைக்கும் கேரளத்துக்கும் லோடு போகிறது. பெங்களூருக்குத் தனியே போகிறது. விலை விழுந்த நாளில் தக்காளியை ரோட்டோரம் கொட்டுகிறோம். கோஸ் ஏற்றி அனுப்பிய தோட்டக்காரர் திரும்பும் வழியில் வீட்டுக்கு வாங்கிப் போவது பரோட்டா பார்சல். ஏன் உங்கள் தோட்டத்துக் காயைச் சாப்பிடுவதில்லை என்று கேட்டால் சிலர் குரலைத் தாழ்த்தி, ‘எவ்ளோ மருந்து அடிக்கிறோம்னு எங்களுக்குத்தானே தெரியும்’ என்கிறார்கள். வீட்டுக்கென்று ஓரமாக இரண்டு பாத்தி மருந்தில்லாமல் விடுகிற தோட்டங்களும் உண்டு. ஊரார் தின்பதற்கு ஒரு பாத்தி, நம் பிள்ளை தின்பதற்கு ஒரு பாத்தி என்று பிரித்து வைத்திருக்கிறோம் என்றால், அதை உடல்நலக் குறைவு என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

நாம் கேட்கத் தெரியாதவர்களா? மூன்று வருடத்துக்கொரு முறை, நான்கு வருடத்துக்கொரு முறை சம்பள ஒப்பந்தம் வரும்போது பாருங்கள். கோரிக்கைப் பட்டியல் பக்கம் பக்கமாக நீளும். இன்க்ரிமென்ட், ஷிப்ட் அலவன்ஸ், சோப்பு, ஷூ, பஸ் ரூட் மாற்றம் வரை ஒன்றும் விடுபடாது. வாசல் கூட்டம், கருப்பு பேட்ஜ், கேண்டீன் புறக்கணிப்பு எல்லாம் தெரியும். சாப்பாட்டைப் புறக்கணிக்கக்கூடத் தெரிந்த நாம் அதன் தரத்தைப் பேசவில்லை. நைட் ஷிப்டை மாதக்கணக்கில் ஒரே ஆள்மீது போடாமல் சீராகச் சுற்றவிட வேண்டும் என்பதைப் பணத்துக்கு அடுத்த வரியில்கூட வைக்கவில்லை. நைட் அலவன்ஸை ஏற்றிக் கொடுத்தால் சரி என்று கையெழுத்துப் போட்டோம். இரவு வேலை நீண்ட காலம் தொடர்ந்தால் சர்க்கரையும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடும் என்று ஆய்வுகள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. உறக்கத்தை விற்றோம், விலை பேசியதில் மட்டும் கெட்டிக்காரர்களாக இருந்தோம்.

ஊர்ப் பக்கமும் அப்படியே. 2023 பிப்ரவரி 2 அன்று சூளகிரி பக்கம் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானது என்று சென்னை–பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையையே மணிக்கணக்கில் மறித்தார்கள் நம் மாவட்டத்து இளைஞர்கள். கல்வீச்சும் தடியடியும் ஆனது, அதை நியாயப்படுத்தவில்லை. எருது ஓட ஒரு வீதி வேண்டும் என்பதற்கு அத்தனை ஆவேசம் இருந்தது. மனிதர் ஓட, வேண்டாம், நடக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்கு ஒரு பெட்டிஷன் எழுத ஆள் இல்லை. எருது வாரம் முழுக்கப் பயிற்சி எடுக்கிறது. பருத்திக்கொட்டையும் கொள்ளும் அளந்து போடுகிறோம். மேய்க்கிறவருக்குத்தான் தொப்பை.

ஓசூர்–பாகலூர் ரோட்டில் காலையில் நடந்து பாருங்கள். ஜல்லி லாரி, கம்பெனி பஸ், மாலூர் பக்கம் போகும் டெம்போ, பூ மூட்டையோடு பறக்கும் பைக். ஓரத்தில் நடைபாதை என்று ஒன்று கிடையாது. உயிரோடு திரும்பினால் அதுவே ஆரோக்கியம். எனவே ‘நடக்க எங்கே இடம்?’ என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை. 2023 நவம்பரில் அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. மாவட்டத்துக்கு ஒன்று என்றால் நமக்கு எட்டாது என்று விட்டுவிட்டோம். ஊருக்கு ஒன்று வேண்டும் என்று கேட்பதற்கு மேடை இருக்கிறது. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு கிராம சபை. அங்கே சாக்கடை பற்றிப் பேசினோம், குப்பை வண்டி பற்றிப் பேசினோம், டாஸ்மாக் பற்றிச் சத்தம் போட்டோம். ஏரிக்கரையைச் சுற்றி ஒரு மண்பாதையைச் சமன்படுத்திக் கொடுங்கள் என்ற தீர்மானம் நம் கையெழுத்தோடு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. சிமெண்டு, டைல்ஸ், ஜிம் மெஷின் எதுவும் வேண்டாம். முள்ளை வெட்டி, இரண்டு லோடு கிராவல் கொட்டினால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வரும் சுகாதாரத் தன்னார்வலர் பெண்கள் கருவியோடு வாசலில் நிற்கும்போது கை நீட்டுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் வயதானவர்களும்தான். ஆண்கள் ஷிப்டில் இருப்போம்; இல்லாவிட்டால் நைட் முடித்துத் தூங்குகிறோம் என்று உள்ளேயிருந்து சொல்லச் சொல்வோம். விழித்திருந்தாலும் சொல்லச் சொல்வோம். சர்க்கரை இருப்பது தெரிந்தால் ஓ.டி. கொடுக்க மாட்டார்கள், பெர்மனென்ட் ஆக மாட்டோம், பெண் கொடுக்க மாட்டார்கள். இந்தப் பயங்களில் சில உண்மையானவை. கம்பெனியில் எடுக்கும் வருடாந்திர மெடிக்கல் செக்கப்புக்கு முந்தின இரவு மட்டும் பட்டினி கிடந்து சர்க்கரையைக் குறைத்துக் காட்டுகிற வித்தை நம்மிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. சோதனை அந்த வித்தையை ஒரு நொடியில் பிடித்துவிடும் என்பது தெரிந்த பிறகு, அந்தச் சோதனை வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டோம்.

கான்ட்ராக்ட் ஆட்களைப் பற்றி நாம் வாய் திறப்பதே இல்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று வந்து ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கி, உருளைக்கிழங்கும் சோறுமாக ஓட்டுகிற பையன்கள் இப்போது நம் லைனில் பக்கத்திலேயே நிற்கிறார்கள். கேண்டீன் குழுவில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர் இல்லை. அவர்களுக்கு வாடகைக்கு அறை விட்டது நாம். ஓர் அடுப்பு வைக்க இடமும் ஒரு ஜன்னலும் தராமல் விட்டதும் நாம்.

பெண்கள் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். கிரீன்ஹவுஸில் பூப்பறித்துக் கட்டுக் கட்டுகிறவர், கார்மென்ட்ஸில் தைக்கிறவர், வீட்டிலேயே இருப்பவர், மூவரும் நடக்கப் போனால் ‘என்ன, உடம்பு குறைக்கப் போறியா?’ என்று சிரித்தது நம் தெருதான். நமக்குச் சர்க்கரை வந்தபின் தனியாகச் சப்பாத்தி போட்டு, தனியாகக் கீரை ஆய்ந்து, மாத்திரை நேரத்தை நினைவூட்டியது அவர்கள். அவர்கள் கடைசியில் மிஞ்சின சோற்றைச் சாப்பிட்டார்கள்.

அடுத்த ஒப்பந்தப் பட்டியல் எழுதும்போது கேண்டீன் பொரியலையும் ஷிப்ட் சுழற்சியையும் முதல் பக்கத்தில் வைப்போம்; கான்ட்ராக்ட் ஆட்களில் ஒருவருக்குக் குழுவில் இடம் கேட்போம். நிர்வாகம் முதலில் சிரிக்கும், சிரிக்கட்டும். போனஸ் கேட்டபோதும் சிரித்தவர்கள்தான். ரேஷனில் ராகி, ஏரிக்கரையில் பாதை என்று கிராம சபையில் எழுதிக் கொடுக்கலாம். பாதையில் விளக்கு வேண்டும் என்பதை மறக்காமல் சேர்க்க வேண்டும், மாலை ஏழு மணி தாண்டியும் எரிகிற விளக்கு. அதற்கு முன்னால் நம் வீட்டுப் பெண்களுக்கு ஒழிவதில்லை. அவர்கள் நடக்கும் அந்த அரை மணி நேரம் இரவுச் சமையலை யார் பார்ப்பது என்பதற்குத் தீர்மானம் எதுவும் தேவையில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.